பிலிம் கேமராவா, டிஜிட்டல் கேமராவா? பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் அறிய வேண்டியவை

பீரோவின் மேல்தட்டில் தோல் உறைக்குள் கிடக்கும் வாப்பாவின் பழைய கேமராவை எடுத்துவந்து, "இது இன்னும் வேலை செய்யுமா? இதற்குப் பிலிம் கிடைக்குமா?" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். கைபேசியிலேயே நாளுக்கு நூறு படம் எடுக்க முடிகிற காலத்தில், காசு செலவழித்து பிலிமில் படம் எடுப்பானேன் என்று பெற்றோர் திகைக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பிலிம், டிஜிட்டல் என்ற இரண்டு முறைகளும் எப்படி இயங்குகின்றன, எவ்வளவு செலவாகும், எதைக் கவனிக்க வேண்டும், எடுத்த படங்களை எப்படிக் காப்பது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை இரண்டிலும் உண்டு. பிலிமில் அதைப் பொத்தானை அழுத்தும் முன்பே செய்தாக வேண்டும். டிஜிட்டலில் அதைப் பிறகு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் "பிறகு" பெரும்பாலான வீடுகளில் வருவதே இல்லை. இன்று நம் குடும்பப் படங்களுக்கு நேர்ந்துள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒளி படமாவது எப்படி?

இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். பஸ்ராவில் ஏறக்குறைய கி.பி. 965-ல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதனோடு தொடர்புடைய ஒரு சோதனையை விவரிக்கிறார். துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தால் உள்ளே பல ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறையும். ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்பதையும், ஒரே துளை வழியே நுழையும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதையும் இதன்மூலம் அவர் காட்டினார்.

அவரே கேமராவைக் கண்டுபிடித்தார் என்றும், 'கேமரா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்றும் அடிக்கடி பகிரப்படுகிறது. இரண்டும் சரியல்ல. அந்தச் சொல் 'அறை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒளியியலுக்கு அவர் செய்த பணி மிகப் பெரியது. அதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

துளையோ லென்ஸோ, அது காட்சியைக் கொண்டுவந்து விழச்செய்யும். விழுந்த காட்சியைப் பிடித்து வைப்பது எப்படி என்பதில்தான் பிலிமும் டிஜிட்டலும் பிரிகின்றன.

பிலிம் என்பது ஜெலட்டின் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி ஹாலைடு படிகங்கள் கலந்திருக்கும். ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் உண்டாகிறது. பிலிமைக் கழுவும்போது டெவலப்பர் என்ற ரசாயனம் அந்தப் படிகங்களைக் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை ஃபிக்ஸர் கரைத்து நீக்குகிறது. இதனால் வெளிச்சமான இடம் கறுப்பாகவும், இருண்ட இடம் தெளிவாகவும் தெரியும் நெகட்டிவ் கிடைக்கிறது. கலர் பிலிமில் வெள்ளியின் இடத்தில் கடைசியில் சாயங்களே நிற்கும்.

டிஜிட்டல் கேமராவில் பிலிம் இருக்கும் இடத்தில் சென்சார் இருக்கிறது. அதிலுள்ள இலட்சக்கணக்கான நுண்புள்ளிகள் தம்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாக மாற்றுகின்றன. கேமரா அதை எண்களாக்கி அட்டையில் எழுதுகிறது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கேமராவே கணித்து நிரப்பிக்கொள்கிறது.

கடந்துவந்த பாதை

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடக் கேமராவில் 100 படங்களுக்கான ரோல் இருந்தது. முடிந்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். 1900-ல் ஒரு டாலர் விலையில் பிரவுனி கேமரா வந்தது. அதன்பின் படம் எடுப்பது சாமானியர்களின் பொழுதுபோக்கானது. ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமை வைத்து வடிவமைத்த லைக்கா கேமரா 1925-ல் சந்தைக்கு வந்தது. அதன் 24க்கு 36 மி.மீ. படச்சட்டமே இன்று 'ஃபுல் ஃபிரேம்' டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் அளவு.

நம் நாட்டிலும் பிலிம் தயாரானது. 1960-ல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் தாள் ஆகியவை அங்கே தயாராயின. 1990-களிலேயே நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட அந்த ஆலை, பின்னர் மூடப்பட்டது.

டிஜிட்டலின் தொடக்கமும் ஒரு பிலிம் நிறுவனத்தில்தான் நிகழ்ந்தது. கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-ல் செய்துகாட்டிய கேமராவின் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது. அந்தத் தொழில்நுட்பம் வளர்ந்து சந்தையைப் பிடித்தபோது, 2012 ஜனவரியில் கோடக் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரியது.

பிலிம் அத்துடன் முடிந்துவிடவில்லை. கோடக் 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிம் 2018-ல் திரும்பி வந்தது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமரா வெளியானது. ஒரு சட்டத்தில் பாதியை மட்டும் பயன்படுத்துவதால், 36 படங்களுக்கான ரோலில் அது 72 படங்கள் எடுக்கும்.

படத்தின் தன்மையில் உள்ள வேறுபாடு

எது தெளிவு என்று மட்டும் கேட்டால், இன்றைய டிஜிட்டல் கேமராவே 35 மி.மீ. பிலிமை விடத் தெளிவானது. வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். இஷா நேரத்துப் பள்ளிவாசல் முற்றத்தை டிஜிட்டலில் எளிதாக எடுக்கலாம். ஐ.எஸ்.ஓ. 400 பிலிமில் அதை எடுக்க முக்காலி தேவைப்படும்.

ஆனால் மிகை வெளிச்சத்தில் நிலைமை மாறும். நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும். டிஜிட்டல் சென்சாரில் ஒளி எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பெருநாள் தொழுகைத் திடலில் வெயிலில் நிற்கும் வெள்ளை ஜிப்பாக்களை எடுத்துப் பார்த்தால் இது புரியும். ஆகவே, நெகட்டிவ் பிலிமில் ஐயம் வந்தால் ஒளியைச் சற்றுக் கூட்டுங்கள். டிஜிட்டலில் ஐயம் வந்தால் சற்றுக் குறையுங்கள். ஸ்லைடு பிலிமுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் ஒளி அளவு துல்லியமாக இருக்க வேண்டும்.

பிலிமில் தெரியும் மணல்போன்ற துகள் தன்மையும் நிறங்களின் சாயலும் பலரை ஈர்க்கின்றன. இது ரசனையைப் பொறுத்தது. அந்தச் சாயல் மட்டும்தான் வேண்டும் என்றால், டிஜிட்டல் படத்தையே மென்பொருளில் அப்படி மாற்றிக்கொள்ளலாம். அதற்காக மட்டும் பிலிம் வாங்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

ரோல் வாங்கவும், கழுவவும், ஸ்கேன் செய்யவும் சேர்த்து 1,500 ரூபாய் ஆவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 36 படங்களுக்குப் பிரித்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 42 ரூபாய். மாதம் ஒரு ரோல் என்றால் ஆண்டுக்கு 18,000 ரூபாய், மூன்று ஆண்டில் 54,000 ரூபாய். அந்தத் தொகைக்கு லென்ஸுடன் ஒரு டிஜிட்டல் கேமராவே வாங்கிவிடலாம். பழைய கேமரா வீட்டில் இலவசமாகக் கிடைத்தது என்பதால் பிலிம் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

டிஜிட்டலிலும் மறைமுகச் செலவு உண்டு. ஹார்ட் டிஸ்க், மாதாந்தர கிளவுட் கட்டணம், புதிய மாடல் வந்ததும் பழையதைக் கழிக்கத் தோன்றும் ஆசை எல்லாம் அதில் சேரும். பொழுதுபோக்குக்குச் செலவிடுவது தவறில்லை. ஆனால் வீண்விரயம் எது என்று ஒவ்வொரு வீட்டாரும் தம் வருமானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ரோல் வாங்கிக் கொடுத்தாலும் பழகிக்கொள்ள அது போதும்.

36 படங்கள் கற்றுத்தருவது

எகிப்து இராணுவ அதிகாரி முஹம்மது ஸாதிக் பே 1861-ல் மதீனாவைப் படம் எடுத்தார். 1880-ஐ ஒட்டிய ஹஜ் பயணத்தில் மக்காவையும் எடுத்தார். அந்நகரங்களின் மிகப் பழைய புகைப்படங்களாக அறியப்படுபவை அவர் எடுத்தவையே. அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். அந்த வெயிலில் இவ்வளவு சாமான்களுடன் சென்றவர், எங்கே நிற்பது, எதை எடுப்பது என்று யோசிக்காமல் ஒரு தகட்டையும் வீணாக்கியிருக்க முடியாது.

36 படங்களுக்கான ரோல் அந்த நிலையைச் சிறிய அளவில் நமக்குத் தருகிறது. எடுத்ததை உடனே பார்க்க முடியாது. அழிக்கவும் முடியாது. அதனால் ஒளி எங்கிருந்து வருகிறது, பின்னால் என்ன தெரிகிறது, இந்தக் கணம் எடுக்கத் தக்கதா என்று பார்க்கும் பழக்கம் வருகிறது. எடுத்த பிறகு திரையைக் குனிந்து பார்க்காமல் எதிரே இருப்பவர்களிடம் பேசவும் முடிகிறது.

டிஜிட்டல் கற்றுத்தருவது வேறு. ஷட்டர் வேகத்தை மாற்றினால் என்ன ஆகும், துளையைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதை அப்போதே பார்த்துப் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். பிலிமில் அதே பாடத்துக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஆகவே அடிப்படையை டிஜிட்டலில் கற்று, பொறுமையைப் பிலிமில் பழகுவது நல்ல வரிசை. பிலிம் வாங்க வசதியில்லாதவர்கள், "இந்தப் பயணத்தில் 36 படம் மட்டும், அழிப்பதில்லை" என்று தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்டாலும் பெரும் பயன் கிடைக்கும்.

பழைய கேமராவை எடுப்பவர்களுக்கு

ஒன்று: பின்கதவைத் திறக்கும் முன், உள்ளே பழைய பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றும்போது இறுக்கம் தெரிந்தால் பிலிம் இருக்கிறது என்று பொருள். முழுதும் சுற்றிய பிறகே திறக்க வேண்டும். யார் கண்டது, அதில் உங்கள் குடும்பத்தின் பழைய படங்கள் இருக்கலாம்.

இரண்டு: லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களில் இது சாதாரணம்.

மூன்று: பின்கதவின் ஓரத்திலுள்ள கறுப்பு நுரைப் பட்டை பிசுபிசுத்துப் போயிருந்தால் ஒளி உள்ளே கசியும். அதை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

நான்கு: சில பழைய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. மாற்று பேட்டரி போட்டால் ஒளிமானி தவறாகக் காட்டலாம். நிக்கான் எஃப்.எம்.2 போன்ற இயந்திரக் கேமராக்களின் ஷட்டர் பேட்டரி இல்லாமலும் இயங்கும். ஒளிமானி இல்லையென்றால் ஒரு பழைய விதி உதவும். நல்ல வெயிலில் துளையை எஃப் 16-ல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமாக வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு 1/500 விநாடி.

ஐந்து: புது ரோல் போட்டபின், அடுத்த படத்துக்கு நகர்த்தும்போது ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் பற்களில் மாட்டவில்லை. ரோல் முழுவதும் வெறுமையாகத்தான் வரும்.

ஆறு: உம்ராவுக்கோ வளைகுடாவுக்கோ செல்லும்போது பிலிமைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். அங்கே பயன்படும் எக்ஸ்ரே பிலிமைக் கெடுக்கும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய சி.டி. வகை ஸ்கேனர்கள் கைப்பையிலுள்ள பிலிமையும் கெடுத்துவிடும்.

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம். வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதால், ரசாயனப் புட்டிகளை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவைக்க வேண்டும். கலர் பிலிமுக்கு 37.8 டிகிரி தேவை. கையுறை அணியுங்கள், சிறு பிள்ளைகளை விலக்கி வையுங்கள். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றோரத்திலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது.

யார் பார்க்கிறார்கள்?

நம் குடும்பங்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று இது. பிலிமை லேபில் கொடுத்தால் அங்கே வேலை செய்பவர் ஒவ்வொரு படத்தையும் பார்ப்பார். ஸ்கேன் செய்த கோப்புகள் அவர்களின் கணினியில் தங்கியும் விடலாம். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த ரோலைக் கொடுக்கும் முன் இதை எண்ணிப் பாருங்கள். கொடுத்தால், பிரதியை அழிக்கச் சொல்லிக் கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டிலேயே கழுவும் கறுப்பு வெள்ளைப் படத்தை வெளியார் ஒருவரும் பார்ப்பதில்லை.

டிஜிட்டலில் லேப் தேவையில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். கைபேசி தானாகவே படங்களைக் கிளவுடில் ஏற்றும். எடுத்த இடத்தின் விவரமும் கோப்பில் பதிந்திருக்கும். ஒரு குழுவில் போட்டுவிட்டால் பிறகு அது யார் கையில் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. இந்த இரண்டு அமைப்புகளையும் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கேமராவானாலும், எடுக்கப்படுபவரின் சம்மதம் முதலில் வேண்டும்.

மார்க்க அறிஞர்களின் கருத்து வேறுபாட்டையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள் புகைப்படத்தை நிழலைப் பிடித்து வைப்பதற்கு ஒப்பாகக் கருதி அனுமதித்தார்கள். நம் துணைக்கண்டத்து ஆலிம்களில் பலர், உயிருள்ளவற்றின் படங்களை அவசியத் தேவைக்கு மட்டும் என வரையறுத்தார்கள். திரையில் தோன்றி மறையும் டிஜிட்டல் படத்தையும், தாளில் அச்சிட்ட படத்தையும் வேறுபடுத்திப் பார்ப்போரும் உண்டு. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலை, கடல், மரம், கட்டடம் ஆகியவற்றில் பெரும்பாலோர் தடை சொல்வதில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிவாசல்களைப் படமெடுக்கவே ஒருவருக்கு ஆயுள் போதாது.

காப்பது எப்படி?

அரை நூற்றாண்டுக்கு முந்தைய நெகட்டிவ் ஒன்று ஷூ பெட்டியில் கிடைத்தால், வெளிச்சத்தில் பிடித்தாலே யார் நிற்கிறார்கள் என்று தெரியும். பத்து ஆண்டுக்கு முந்தைய கைபேசி ஒன்று அலமாரியில் கிடைத்தால், அது உயிர்பெறுமா என்பதே சந்தேகம். நெகட்டிவுக்கு எதிரி வெப்பமும் ஈரமும். டிஜிட்டல் கோப்புக்கு எதிரி நம் அலட்சியம்.

நெகட்டிவ்களை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து, பாலிபுரோப்பிலீன் உறைகளில் போடுங்கள். பி.வி.சி. உறை காலப்போக்கில் பிலிமைக் கெடுக்கும். சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, வெயில் தாக்கும் மொட்டை மாடி அறையைத் தவிருங்கள். உறையின் மேல் ஆண்டு, நிகழ்ச்சி, இருப்போரின் பெயர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்வது நல்லது. மேக்ரோ லென்ஸும் வெள்ளை ஒளிப்பலகையும் இருந்தால், டிஜிட்டல் கேமராவைக் கொண்டே பழைய நெகட்டிவ்களைப் பிரதி எடுக்கலாம். அப்படிச் செய்தால் இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும்.

டிஜிட்டல் படங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று துபாயிலுள்ள மகனிடமோ கிளவுடிலோ இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும். அதை மூலப்படமாக எண்ணி அசலை அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது.

அதைவிட முக்கியம், ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து 36 படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடுவது. 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு ஏறத்தாழ 2 மெகாபிக்சல் போதும். 8க்கு 12 அங்குலத்துக்கு 9 மெகாபிக்சல் போதும். சாதாரண கைபேசியே இதற்குத் தாராளம். ஆட்கள் உள்ள படத்தை அச்சிட விரும்பாத வீட்டினர், அந்த 36-ஐத் தனிக் கோப்புறையாக்கி மூன்று பிரதிகள் எடுத்து வைக்கட்டும்.

யாருக்கு எது?

குடும்ப நிகழ்ச்சி, குழந்தைகள், இரவு நேரம், பயணம் இவற்றுக்கு டிஜிட்டலே ஏற்றது. திரும்ப நிகழாத ஒன்றை முதல் பிலிம் ரோலை நம்பி எடுக்க வேண்டாம். நிதானமாகப் படம் எடுக்கப் பழக விரும்புபவருக்கும், கையால் செய்யும் வேலையில் இன்பம் காண்பவருக்கும், ஒரு வாரம் காத்திருக்க மனம் உள்ளவருக்கும் பிலிம் நல்ல ஆசான். வீட்டில் கேமரா ஏற்கெனவே இருந்தால், ஒரு கறுப்பு வெள்ளை ரோலுடன் தொடங்குங்கள். இல்லையென்றால் இதற்காகக் கடன்பட வேண்டாம், கைபேசி போதும்.

எதைத் தேர்ந்தாலும், இந்த ஆண்டின் 36 படங்கள் எவை என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால், இந்த வெள்ளிக்கிழமை மாலையே பிள்ளைகளுடன் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.